வன்னியில் இருந்தபடி ஆதிப் பேரடைகளைப் படமாக்க: புதியவர்களுக்கு

பொங்கலுக்கு முந்திய கிழமை. மாரி விட்டு வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. இரணைமடுக் குளக்கட்டில் தெற்கே பார்த்தபடி நின்றோம். உயர்தரத்தில் கணிதப் பிரிவில் படிக்கும் மருமகள் கேட்டாள்: "மாமா, ஹபிள் தொலைநோக்கி எடுத்த அந்த ஆழ்வானப் படத்தில் இருக்கிற பேரடைகள் எல்லாம் இந்த வானத்தில் எந்தப் பக்கம்?"

தண்ணீருக்கு மேலே கையைக் காட்டினேன்.

"அங்கே ஒன்றுமே இல்லையே."

"ஒன்றும் இல்லாத இடம் என்றுதான் பிள்ளை அதைத் தெரிந்தெடுத்தார்கள்."

சற்று நேரம் பேசாமல் நின்றாள். பிறகு, "நாங்களும் எடுக்கலாமா?" என்றாள்.

எடுக்கலாம். அதற்குப் பின் வந்த மூன்று கிழமைகளில் நாங்கள் செய்ததையும் கெடுத்ததையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். பேரடை என்பது எங்கள் பால்வீதியைப் போன்ற மாபெரும் விண்மீன் கூட்டம்; ஆதிப் பேரடை என்றால் அண்டத்தின் இளமையில் இருந்தது. வானப் படம் எடுப்பது இரண்டு வேலை. ஒளியைச் சேர்ப்பது ஒன்று. அதை ஹபிள், ஜேம்ஸ் வெப் என்ற இரண்டு விண்வெளித் தொலைநோக்கிகள் செய்து முடித்துவிட்டன. கடையில் வாங்கும் எந்தத் தொலைநோக்கியும் அவற்றுடன் போட்டிக்குப் போக முடியாது. சேர்ந்த ஒளியைப் படமாக்குவது மற்றது. விண்வெளித் தொலைநோக்கி பூமிக்கு அனுப்புவது படமல்ல, எண்கள்: எந்தப் பிக்ஸலில் எவ்வளவு ஒளி விழுந்தது என்ற மாபெரும் அட்டவணை. அந்த அட்டவணையை யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். கிளிநொச்சியிலோ ஒட்டுசுட்டானிலோ இருக்கும் ஒரு மடிக்கணினிக்கு இந்த இரண்டாம் வேலை எட்டாத ஒன்றல்ல.

தேவையானவை: 8 ஜிகாபைட் நினைவகம் உள்ள மடிக்கணினி, வன்தட்டில் 30 ஜிகாபைட் வெற்றிடம், இடையில் அறுந்தாலும் மீண்டும் கிடைக்கும் இணையம். நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

படி 1: முதலில் இடத்தை வெறுங்கண்ணால் பாருங்கள்

பலர் இதைத் தாண்டிப் போய்விடுவார்கள். தாண்டாதீர்கள். எங்கே பார்க்கிறோம் என்று தெரியாமல் திரையில் புள்ளிகளை நோண்டுவதில் சுவை இல்லை.

ஜனவரி முதற்பாதியில் இரவு எட்டு மணியளவில் வெளியே வாருங்கள். கிழக்குப் பக்கம் உயரத்தில் மூன்று வெள்ளிகள் வரிசையாக நிற்கும். அது ஒராயனின் இடுப்புப் பட்டி. அதற்குத் தெற்குப் பக்கமாக நீலவெண்மையாய் மின்னுவது ரைஜல். கையை நீட்டி முட்டியைப் பிடியுங்கள். ரைஜலிலிருந்து தென்மேற்காக மூன்று முட்டி தூரம் நகர்ந்தால் பார்வை நேர் தெற்கே, அடிவானத்திலிருந்து 50 பாகைக்குச் சற்று மேலே போய் நிற்கும். அங்கே சொல்லும்படியான வெள்ளி எதுவும் இல்லை. அந்தப் பகுதிதான் ஃபோர்னாக்ஸ் உடுத்தொகுதி. பெயரின் பொருள் உலை.

2003 செப்டெம்பர் முதல் 2004 ஜனவரி வரை ஹபிள் இந்த உலைக்குள் ஒரு துளி இடத்தை 800 தடவை படம்பிடித்தது. மொத்த நேரம் 11 நாளுக்குச் சற்று மேல். கிடைத்தவை ஏறத்தாழ 10,000 பேரடைகள். அந்தத் துளியின் பக்கம் 2.4 கலை மட்டுமே (கலை என்பது பாகையின் அறுபதில் ஒன்று). முழு நிலவின் அகலம் 30 கலை. ஒரு குரக்கன் மணியை நூலில் கட்டி இரண்டு மீற்றருக்கு அப்பால் தொங்கவிட்டால் அது மறைக்கும் வானம் எவ்வளவோ, அவ்வளவுதான்.

இப்படித் தொலைநோக்கி நெடுநேரம் உற்றுப் பார்த்த வானத் துண்டை ஆழ்களம் என்பார்கள். வேறு இரண்டு களங்களையும் தெரிந்து வைத்திருங்கள். 1995 டிசம்பரில் எடுத்த முதல் ஆழ்களப் படம் வடக்கே சப்தரிஷி மண்டலத்தில், எங்களுக்கு 37 பாகை உயரம் வரை ஏறும். ஏப்ரல், மே இரவுகளில் பார்க்கலாம். வெறும் இடத்தைப் பத்து நாள் பார்ப்பது வீண் என்று பலர் சொன்னபோதும், தொலைநோக்கி நிறுவனத்தின் அப்போதைய பணிப்பாளர் ரொபர்ட் வில்லியம்ஸ் தன் பொறுப்பில் இருந்த நேரத்தை அதற்கே கொடுத்தார். மற்றது, வெப் தொலைநோக்கியின் முதல் ஆழ்களமான ஸ்மக்ஸ் 0723 என்ற பேரடைக் கொத்து. 2022 ஜூலை 12 அதிகாலை அந்தப் படத்தை நான் போனில் பார்த்தபோது பெற்றோல் வரிசையில் நின்றேன். அந்த இடம் வன்னியில் தெற்கு அடிவானத்துக்கு மேல் ஏழு பாகைதான் எழும். பாலை மரங்கள் மறைத்துவிடும். தேடி அலைய வேண்டாம்.

வீட்டுக்குப் போனதும் போனின் உலாவியில் அலடின் லைட் என்ற இலவச வான வரைபடத்தைத் திறந்து இதே இடங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். எதையும் நிறுவ வேண்டியதில்லை. ஒரு மாலை நேரம் போதும்.

படி 2: ஒரு பெருக்கல் கணக்கு

தொலைவில் இருப்பது பழையது. ஒளி வந்துசேரக் காலம் எடுக்கிறது. அது வந்துகொண்டிருக்கும்போதே அண்டம் விரிகிறது. விரிவதால் ஒளியின் அலைநீளமும் நீள்கிறது. எத்தனை மடங்கு நீண்டது என்பதைச் சொல்லும் எண்தான் செம்பெயர்ச்சி. செம்பெயர்ச்சியுடன் ஒன்றைக் கூட்டினால் அந்த மடங்கு வந்துவிடும்.

இளம் பேரடைகளில் சூடான விண்மீன்கள் அதிகம். அவை புறஊதாவை அள்ளிக் கொட்டும். ஆனால் ஆதி அண்டம் முழுக்க நடுநிலை ஐதரசன் வாயு, 121.6 நனோமீற்றரைவிடக் குறுகிய ஒளியை அது விழுங்கிவிடும். ஆகவே அந்தப் பேரடையின் ஒளி 121.6இல் கத்தியால் வெட்டியதுபோல் நின்றுவிடும். லைமன் ஆல்பா வெட்டு என்பது இதுதான்.

இப்போது பெருக்குங்கள். செம்பெயர்ச்சி 7 என்றால் 121.6 × 8 = 973 நனோமீற்றர். செம்பெயர்ச்சி 10.6 என்றால் 1,411. செம்பெயர்ச்சி 14.2 என்றால் 1,848. மனிதக் கண் 700 நனோமீற்றரோடு ஓய்ந்துவிடும். மிகப் பழைய பேரடைகளின் ஒளி முழுவதும் அகச்சிவப்புக்குள் போய்விட்டது என்பதை இந்த ஒரு வரிக் கணக்கு காட்டிவிடுகிறது. பாடப்புத்தகத்தில் செங்கீழ்க் கதிர் என்று படித்தீர்களே, அதேதான்.

தரையிலிருந்து ஏன் எடுக்க முடியாது? வளிமண்டலத்தின் நீராவி அகச்சிவப்பின் பெரும் பகுதியை மறிக்கிறது. மிச்சத்தில் வானமே ஒளிர்கிறது. தொலைநோக்கி சூடாக இருந்தால் அதுவும் ஒளிர்கிறது. வெயிலில் கிடந்த தகரக் கூரைக்குக் கீழே நின்று பாருங்கள். முகத்தில் அடிக்கும் வெக்கையில் பெரும்பங்கு அகச்சிவப்புத்தான். அதனால்தான் 6.5 மீற்றர் ஆடியுடைய வெப், பூமியிலிருந்து 15 இலட்சம் கிலோமீற்றர் தள்ளி, வெயில்மறைப்புக்குப் பின்னால், பூச்சியத்துக்குக் கீழ் 230 பாகை செல்சியஸ் அளவிலான குளிரில் இருக்கிறது. ஹபிளின் ஆடி 2.4 மீற்றர், அது பூமியை ஒட்டிச் சுற்றுகிறது, அகச்சிவப்பில் அதன் பார்வை 1.7 மைக்ரோமீற்றரோடு முடிந்துவிடும்.

படி 3: தரவை இறக்குதல்

ஹபிள், வெப் இரண்டின் தரவும் அமெரிக்காவின் பால்டிமோரில் உள்ள விண்வெளித் தொலைநோக்கி அறிவியல் நிறுவனத்தின் மாஸ்ட் காப்பகத்தில் இருக்கின்றன. சில அவதானிப்புகள் ஓராண்டு வரை எடுத்த குழுவுக்கு மட்டும் உரியவை. பிறகு எல்லோருக்கும் திறந்துவிடுவார்கள். திறந்தவற்றை எடுக்கக் கணக்கோ கடவுச்சொல்லோ வேண்டாம்.

தேடல் பெட்டியில் களத்தின் பெயரைக் கொடுத்ததும் நூற்றுக்கணக்கான வரிகள் வந்து விழும். இங்கேதான் புதியவர்கள் பயந்து மூடிவிட்டுப் போகிறார்கள். இடப்பக்கத் தெரிவுகளில் தொலைநோக்கி வெப், கருவி நிர்கேம் (வெப்பின் அகச்சிவப்புக் கமரா), தரவு நிலை மூன்று என்று குறுக்குங்கள். ஸ்மக்ஸ் களத்துக்குத் திட்ட எண் 2736. நிர்கேமின் ஆறு வடிகட்டிகள் மட்டும் மிஞ்சும்; ஒவ்வொன்றும் ஒரு குறித்த அலைநீளப் பட்டையை மட்டும் உள்ளே விடும். கோப்புப் பெயர் ஐ2டி என்று முடிகிறதா என்று பாருங்கள். பல படங்களை நேர்செய்து ஒன்றாகத் தைத்த இறுதிப் படம் அதுதான். அதற்கு முந்திய நிலைக் கோப்புகளை இப்போது தொட வேண்டாம்.

வடிகட்டியின் பெயரில் உள்ள எண் நூறால் வகுத்தால் மைக்ரோமீற்றர். 090 என்றால் 0.9, 200 என்றால் 2.0, 444 என்றால் 4.44. ஸ்மக்ஸ் களத்தில் 090, 150, 200, 277, 356, 444 ஆகிய ஆறும் உண்டு. முதல் தடவைக்கு 090, 200, 444 மூன்றும் போதும்.

ஒவ்வொரு கோப்பும் சில நூறு மெகாபைட்டிலிருந்து சில ஜிகாபைட் வரை இருக்கும். உங்கள் இணையப் பொதியில் இரவு நேரத்துக்குத் தனித் தரவு இருந்தால் அதற்கு ஒதுக்குங்கள். விட்ட இடத்திலிருந்து தொடரும் இறக்குமென்பொருள் கட்டாயம் வேண்டும். நான் முதல் நாள் அது இல்லாமல் தொடங்கினேன். மழை இருட்டியது, கரண்ட் போனது, ரௌட்டர் அணைந்தது. 90 சதவீதம் வந்திருந்த கோப்பு மறுபடியும் பூச்சியத்திலிருந்து. அன்றைக்கு என் வாயிலிருந்து வந்ததை மருமகள் கேட்காமல் இருந்தது நல்லது.

படி 4: கறுப்புத் திரை

கோப்பு ஃபிட்ஸ் வடிவத்தில் இருக்கும். வானியலாளர்கள் 1980களின் தொடக்கத்திலிருந்து பயன்படுத்தும் வடிவம். சாதாரணப் பட மென்பொருளுக்குப் புரியாது. டிஎஸ்9 என்ற இலவச மென்பொருளை நிறுவி அதில் 200 வடிகட்டிக் கோப்பைத் திறவுங்கள்.

திரை கறுப்பாக இருக்கும். அங்கங்கே நாலைந்து வெள்ளைப் புள்ளி. "பழுதான கோப்பு, மாமா," என்றாள் மருமகள். பழுதில்லை. பிரகாசமான ஒரு விண்மீனுக்கும் மங்கிய பேரடைக்கும் இடையே பல்லாயிரம் மடங்கு வித்தியாசம். விண்மீனை வெள்ளை என்று வைத்தால் பேரடைகள் எல்லாம் கறுப்புக்குள் அமிழ்ந்துவிடும். உச்சி வெயிலில் நின்றுவிட்டுச் சட்டென்று வைக்கோல் கொட்டிலுக்குள் நுழைந்தால் ஒன்றும் தெரியாதே, அதுபோல.

ஸ்கேல் பட்டியலில் லாக் என்பதையும், அதே பட்டியலில் இஸட்ஸ்கேல் என்பதையும் தெரிவுசெய்யுங்கள். பிறகு எலியின் வலப் பொத்தானை அழுத்தியபடி படத்தின் மேல் மெதுவாக இழுங்கள். மேலும் கீழும் இழுத்தால் முரண் (கொன்ட்ராஸ்ட்) மாறும். பக்கவாட்டில் இழுத்தால் பிரகாசம் மாறும். ஒரு இடத்தில், சொல்லி வைத்தாற்போல், கறுப்புக்குள்ளிருந்து ஆயிரக்கணக்கில் மேலே வரும். வட்டம், நீள்வட்டம், சுருள், வளைந்த கீற்று. இதை விவரிப்பதில் பயனில்லை. கை அந்தப் பொத்தானில் இருக்க வேண்டும். நாங்கள் அன்றிரவு அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை. மாறி மாறி இழுத்துக்கொண்டே இருந்தோம்.

அளவோடு இழுங்கள். வான இரைச்சல் முழுக்கச் சாம்பலாகப் பொங்கி வந்தால் அதிகமாகிவிட்டது. பின்னணி தூய கறுப்பாகப் போனால் மங்கியவற்றை வெட்டி எறிந்துவிட்டீர்கள். பின்னணியில் மெல்லிய மணல் போன்ற இரைச்சல் தெரிய வேண்டும். அதுதான் நேர்மையான படம்.

சில அடையாளங்கள். கூரிய கதிர்கள் நீட்டிய எதுவும் எங்கள் பால்வீதியின் விண்மீன் என்றே முதலில் எண்ணுங்கள். வெப்பின் அறுகோண ஆடிகளால் ஆறு பெரிய கதிரும், துணை ஆடியைத் தாங்கும் தண்டால் இரண்டு சிறியதும் வரும். ஹபிள் படத்தில் நான்கு. ஸ்மக்ஸ் களத்தின் நடுவே வெண்மையாகக் கூடிநிற்பவை அந்தக் கொத்தின் பேரடைகள். அவற்றின் ஒளி 400 கோடி ஆண்டுக்கு மேல் பயணித்து வந்தது. அவற்றைச் சுற்றி வில்லாக வளைந்திருப்பவை அவற்றுக்கும் பின்னால் வெகு தூரத்தில் இருப்பவை. கொத்தின் ஈர்ப்பு வில்லையாகி அவற்றை வளைத்துப் பெரிதாக்கியிருக்கிறது. ஒரே பேரடை இரண்டு மூன்று இடத்தில் தெரியவும் கூடும். ஓரங்களில் கோடு கோடாகவும் புகைபோலவும் தெரிபவை கருவியின் குறைகள்; விட்டுவிடுங்கள்.

படி 5: நிறம்

டிஎஸ்9இல் மூன்று நிறங்களையும் ஒன்றுசேர்க்கும் புதிய ஆர்ஜிபி சட்டகத்தைத் திறந்து, சிவப்புக்கு 444, பச்சைக்கு 200, நீலத்துக்கு 090 கோப்புகளை ஏற்றுங்கள். நீண்ட அலை சிவப்பு, குறுகிய அலை நீலம். இந்த ஒழுங்கை மட்டும் மாற்றாதீர்கள்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. குறுகிய அலை உணரிகளின் பிக்ஸல் 0.031 விகலை (கலையின் அறுபதில் ஒன்று விகலை), நீண்ட அலை உணரிகளுடையது 0.063. படங்களின் அளவு வேறாக இருக்கலாம். ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாமல் போகலாம். ஆர்ஜிபி சட்டகம் பிக்ஸலைப் பார்க்காமல் வான ஆயத்தை, அதாவது வானத்தில் இடத்தைச் சொல்லும் ஆள்கூற்றைப் பார்த்துப் பொருத்துவதால் அநேகமாகத் தானாகச் சரியாகிவிடும். பிறகு மூன்று நிறத்துக்கும் தனித்தனியே படி 4இல் செய்த இழுவை. கொத்தின் வெள்ளைப் பேரடைகள் வெள்ளையாகத் தெரியும்வரை நிறங்களைச் சமன்செய்யுங்கள். இன்னும் மெருகு வேண்டும் என்றால் ஃபிட்ஸ் லிபரேட்டரில் 16 பிட் டிஃப் கோப்பாக மாற்றிக் கிம்ப்பில் வேலைசெய்யலாம். ஆனால் தூரிகையைத் தொடாதீர்கள். முழுப் படத்துக்கும் ஒரே விதி என்றால் அது பதப்படுத்தல்; ஒரு மூலைக்கு மட்டும் என்றால் அது ஓவியம்.

இந்த நிறங்கள் பொய்யா என்று நிச்சயம் யாராவது கேட்பார்கள். "நாசா கணினியில் வரைந்தது" என்று அடித்துச் சொல்லும் ஒரு உறவினர் எல்லோருக்கும் உண்டு. கண் பார்க்காத ஒளியைக் கண் பார்க்கும் நிறத்துக்கு ஒழுங்கு மாறாமல் பெயர்த்திருக்கிறோம். மூன்று கோப்பையும் அவர் கையில் கொடுத்து அவரையே செய்யச் சொல்லுங்கள். வாதம் அத்தோடு முடியும்.

படி 6: ஆதிப் பேரடை எங்கே?

வண்ணப் படத்தில் சிவப்பாகத் தெரிவதெல்லாம் ஆதிப் பேரடை அல்ல. தூசு மூடியதும் சிவப்பு. வயது முதிர்ந்ததும் சிவப்பு. தேட வேண்டியது வேறொன்று: நீண்ட அலை வடிகட்டிகளில் தெரிந்து, குறுகியவற்றில் அறவே மறைந்துவிடும் புள்ளி. இந்த முறைக்குத் தமிழில் நேராக வாய்க்கு வரும் சொல் ஒன்று உண்டு. போருக்குப் பின் உறவுகளை இன்னும் தேடுவோர் உள்ள எங்கள் ஊரில் அந்தச் சொல்லை ஒரு புள்ளிக்கு எழுதக் கை கூசுகிறது. மறைவு முறை என்றே வைத்துக்கொள்வோம்.

விடை தெரிந்த ஒன்றில் பழகுங்கள். 2024இல் அறிவிக்கப்பட்ட ஜேட்ஸ்-ஜிஎஸ்-இசட்14-0 என்ற பேரடை அதற்கு ஏற்றது. முதற்படியில் பார்த்த அதே ஃபோர்னாக்ஸ் திசைதான். அதன் வான ஆயம்: வல ஏற்றம் 53.08294 பாகை, நடுவரை விலக்கம் கழித்தல் 27.85563 பாகை. அதைக் கண்டுபிடித்த ஜேட்ஸ் குழுவின் முழுக் களக் கோப்புகள் மிகப் பெரியவை. அவற்றை இறக்க முயலாதீர்கள். கோப்பன்ஹேகனில் உள்ள காஸ்மிக் டான் மையத்தின் வெப் தொலைநோக்கிக் காப்பகம், ஆயத்தையும் வடிகட்டியையும் கொடுத்தால் சிறு சதுரமாக வெட்டித் தரும். பக்கம் நாலைந்து விகலை போதும். 090, 115, 150, 200, 277, 444 ஆகிய ஆறையும் எடுத்து டிஎஸ்9இல் பக்கம் பக்கமாக வையுங்கள். எல்லாவற்றையும் வான ஆயத்தால் பொருத்தி, அந்த ஆயத்தில் ஒரே அளவு வட்டம் போடுங்கள்.

நாங்கள் வலப்பக்கத்திலிருந்து தொடங்கினோம். 444இல் வட்டத்துக்குள் ஒரு மங்கல். 277இலும் இருக்கிறது. 200இல் இருக்கிறது, ஆனால் இளைத்துவிட்டது. 150: வட்டத்துக்குள் வெறும் மணல். 115, 090 இரண்டிலும் மணல். வட்டத்தை ஒட்டினாற்போல இன்னொரு பேரடை. அது எல்லாச் சதுரத்திலும் அசையாமல் இருக்கிறது, ஏனென்றால் அது இந்த மங்கலைவிட எங்களுக்குக் கிட்டவாக இருப்பது. கண்டுபிடித்தவர்களையே அந்த அயல் பேரடை முதலில் சந்தேகிக்க வைத்தது.

மருமகள் ஒற்றையில் கணக்கைப் போட்டாள். 150 வடிகட்டி 1.67 மைக்ரோமீற்றரில் முடிகிறது. 200 வடிகட்டி 1.75இல் தொடங்கி 2.23இல் முடிகிறது. 150இல் இல்லை, 200இல் இளைத்து இருக்கிறது என்றால் வெட்டு இடையிலோ 200இன் தொடக்கப் பகுதியிலோ விழ வேண்டும். 1.85 என்று வைத்து 0.1216ஆல் வகுத்தால் 15.2. ஒன்றைக் கழித்தால் 14.2. ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்து அளக்கும் வெப்பின் நிறமாலைமானி முதலில் 14.32 என்றது; 2025இல் சிலியில் உள்ள அல்மா வானொலித் தொலைநோக்கிகள் ஒட்சிசன் கோட்டைப் பிடித்து 14.18 என்று திருத்தின. 1.85 எனக்கு முன்பே தெரிந்திருந்ததால் கொஞ்சம் கள்ளக் கணக்குத்தான். வடிகட்டிகளை மட்டும் வைத்து அவள் சொல்லக்கூடியது 13க்கும் 15க்கும் இடையில் என்பதுதான். ஆனாலும் சமையலறை மேசையில் அதுவே பெரிய காரியம்.

அந்த மங்கல், அண்டம் பிறந்து ஏறத்தாழ 30 கோடி ஆண்டில் இருந்த பேரடை. அண்டத்தின் இப்போதைய வயது 1380 கோடி. அகலம் 1,600 ஒளியாண்டுக்கு மேல். பால்வீதிக்கு முன்னால் சிறு குடிசை. அதைவிடச் சற்றுத் தொலைவில், 14.44 செம்பெயர்ச்சியில், மாம்-இசட்14 என்ற பேரடையை 2025இல் அறிவித்தார்கள்.

படி 7: ஏமாறாமல் இருக்க

பழகிய கையோடு ஸ்மக்ஸ் களத்தில் நானாகத் தேடினேன். 444இல் பளிச்சென்று ஒரு புள்ளி. மற்ற ஐந்திலும் ஒன்றுமில்லை. இரண்டு நாள் என் கால் தரையில் படவில்லை. மூன்றாம் நாள் பெரிதாக்கிப் பார்த்தேன். சரியாக ஒரே ஒரு பிக்ஸல், சுற்றிலும் எதுவும் இல்லை. 444இல் எவ்வளவு சிறிய பொருளும் தொலைநோக்கியின் இயல்பால் 0.14 விகலைக்குப் பரவியே தெரியும்; அதாவது இரண்டு பிக்ஸலுக்கு மேல். ஒற்றைப் பிக்ஸலில் நிற்பது வானத்திலிருந்து வரவில்லை, உணரியின் கெட்ட பிக்ஸல். மருமகள் சிரிக்கவில்லை. "இதையும் எழுதுங்கள் மாமா," என்று மட்டும் சொன்னாள்.

ஆகவே முதல் விதி: குறைந்தது இரண்டு வடிகட்டிகளில், இரண்டு பிக்ஸலுக்கு மேல் பரவித் தெரிய வேண்டும். இரண்டாவது: படத்தின் விளிம்பில் கண்டதை நம்பாதீர்கள், அங்கே சேர்ந்த படங்கள் குறைவு, இரைச்சல் அதிகம். ஐ2டி கோப்புக்குள்ளேயே எடை அடுக்கு ஒன்று இருக்கிறது, அதைத் திறந்தால் எங்கே மெலிந்திருக்கிறது என்று தெரியும். மூன்றாவது: கதிர் நீட்டாத சிறு சிவப்புப் புள்ளி எங்கள் பால்வீதியின் குளிர்ந்த பழுப்புக் குறுமீனாகவும் இருக்கலாம்.

நான்காவதுக்குக் கதை உண்டு. சீர்ஸ்-93316 என்ற பேரடை 2022இல் 16.4 செம்பெயர்ச்சி என்று மதிப்பிடப்பட்டுப் பெரிதாகப் பேசப்பட்டது. அண்டத்தின் வயது 25 கோடியைத் தொடாத காலம் அது. நிறமாலை எடுத்தபோது விடை 4.9. தூசும் வலிமையான உமிழ்வுக் கோடுகளும் ஒன்றுசேர்ந்து வடிகட்டிகளை ஏமாற்றியிருந்தன. துறைபோனவர்களுக்கே இப்படி. ஆகவே வடிகட்டிப் படங்களை மட்டும் வைத்து நீங்கள் கண்டதைப் பேரடை என்று எழுதாதீர்கள். வேட்பாளர் என்று எழுதுங்கள். ஆயம், கோப்பின் முழுப் பெயர், வடிகட்டி, இறக்கிய திகதி நான்கையும் கொப்பியில் குறித்து வையுங்கள். மறு மாதம் அதே புள்ளியைத் தேட வேண்டிவரும்போது அருமை தெரியும்.

கணினி இல்லாதவர்கள் கலக்சி சூ என்ற இணையத் திட்டத்தில் சேரலாம். 2007இல் தொடங்கியது, போனிலேயே பேரடைகளை உருவம் பார்த்துப் பிரிக்கும் வேலை, வெப் படங்களும் அங்கே வந்திருக்கின்றன. நிரல் ஆசை உள்ளவர்கள் ஆஸ்ட்ரோபை பக்கம் போகலாம்.

அச்சிடுவதென்றால்

திரையில் சரியாகத் தெரிவது தாளில் இருண்டுவிடும். அச்சுக்கென்று தனியாக ஒரு பிரதி எடுத்துப் பின்னணியைக் கொஞ்சம் தூக்குங்கள். பளபளப்புத் தாள் கேளுங்கள். சாதாரணத் தாள் மையைக் குடித்து நெளியும். கடையில் இருந்த தம்பி எங்கள் கோப்பைத் திறந்து பார்த்துவிட்டு, "அண்ணை, முழுக்கக் கறுப்பாக இருக்கிறது, சரியான கோப்புத்தானா?" என்று இரண்டு தடவை கேட்டார். கறுப்பு மை தீரும் கவலை அவருக்கு.

முதல் பிரதியில் அந்தப் புள்ளி தெரியவே இல்லை. மை அதை மூடிவிட்டது. இரண்டாவதில் தெரிந்தது. அதைச் சுற்றி மருமகள் வெள்ளைப் பேனாவால் வட்டம் போட்டு, பக்கத்தில் 14.2 என்று எழுதி, படிக்கும் மேசைக்கு மேலே ஒட்டியிருக்கிறாள். வட்டம் சற்று விலகிவிட்டது. அயல் பேரடையும் உள்ளே வந்துவிட்டது. மூன்றாம் பிரதிக்குக் காசு தரமாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன்.